ஒரே கோடு, இரண்டு நியாயம்

2022 ஜூன் 23. தாழையூத்தை ஒட்டிய சங்கர் நகர் இந்தியா சிமென்ட்ஸ் மைதானத்தில் அந்த வருஷத்து தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) தொடரின் முதல் ஆட்டம். நெல்லை ராயல் கிங்ஸும் சேப்பாக் சூப்பர் கில்லீஸும் மோதின. நெல்லைக்காகப் பந்து போட வந்த பாபா அபராஜித் பந்தைக் கையிலிருந்து விடாமல் நின்று, ஸ்டம்புக்கு மேல் இருக்கும் பெயிலைத் தட்டினார். அவர் பக்கத்து முனையில் இருந்த சேப்பாக் பேட்ஸ்மேன் நாராயண் ஜெகதீசன் அப்போது கோட்டைத் தாண்டி வெளியே நின்றார். அவுட். வெளியே போகிற வழியில் ஜெகதீசன் நடுவிரலைத் தூக்கிக் காட்டியது டிவி இருந்த வீடெல்லாம் தெரிந்தது. பிறகு அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆட்டம் டையில் முடிந்து, சூப்பர் ஓவரில் நெல்லை ஜெயித்தது. அதே ஜெகதீசன் ஐந்து மாதம் கழித்து விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277 ரன் அடித்தார். 50 ஓவர் ஆட்டத்தில் அன்றைக்கு அது உலக சாதனை. ஆனாலும் எங்கள் பக்கம் அவர் பெயரை எடுத்தால் முதலில் பேச்சுக்கு வருவது அந்த விரல்தான்.

விரலை விட்டுவிடுவோம். கோபத்தில் செய்தது, மன்னிப்பும் கேட்டாயிற்று. அந்தக் கோபம் ஏன் வந்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். ஜெகதீசன் விக்கெட் கீப்பரும்கூட. கோடு எங்கே இருக்கிறது, யார் எப்போது அதைத் தாண்டுகிறார்கள் என்று பார்ப்பதே கீப்பரின் பிழைப்பு. விதி தெரியாமல் கோபப்பட்டார் என்று சொல்ல முடியாது. விதிப்படி அவுட் என்று தெரிந்த ஒருவருக்கு, தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றும் தோன்றுகிறது. இந்த இரண்டும் ஒரே மனதில் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறதென்றால் கோளாறு ஆளிடம் மட்டும் இல்லை.

அன்று ராத்திரி திருநெல்வேலி டீக்கடைகளில் நடந்த வாக்குவாதம், உலகம் முழுக்க இந்த விஷயத்தில் நடக்கிற வாக்குவாதத்தின் சுருக்கம்தான்.

"கோட்டுக்கு வெளிய நிக்கான், அவுட்டு. இதுல என்னவே பேச்சு?"

"அதுக்கில்ல அண்ணாச்சி. ஒரு தடவ சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா?"

"சொல்லிட்டுச் செய்யதுக்கு இது என்ன கல்யாண வீடா?"

இந்த மூன்று வரிக்கு மேல் லண்டன் லார்ட்ஸில் உட்கார்ந்திருக்கும் எம்.சி.சி.யாலும் ரொம்ப தூரம் போக முடியவில்லை. கிரிக்கெட்டின் சட்டப் புத்தகத்தை எழுதுவது அந்த கிளப்தான். நான்-ஸ்ட்ரைக்கரை, அதாவது பவுலர் முனையில் நிற்கும் பேட்ஸ்மேனை, பவுலர் இப்படி ரன் அவுட் ஆக்குவது, நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்கிற 'மன்கட்', 41ஆம் விதியில், அதாவது நியாயமற்ற ஆட்டம் என்ற அத்தியாயத்தில் இருந்தது. அந்த அத்தியாயத்தில் தப்புச் செய்தவராகச் சொல்லப்பட்டது முன்கூட்டியே கிளம்பும் நான்-ஸ்ட்ரைக்கர். ஆனால் 'நியாயமற்றது' என்ற தலைப்பின் கீழ் இருந்ததால் படித்தவர்களும் சரி, படிக்காதவர்களும் சரி, பெயிலைத் தட்டிய பவுலரைத்தான் குற்றவாளியாகப் பார்த்தார்கள். திருடனைப் பற்றிய அத்தியாயத்தில் பிடித்தவன் பெயரும் வந்ததால் பிடித்தவனையே திருடனாக்கிய கதை.

இதை மாற்றத்தான் 2022 மார்ச்சில் எம்.சி.சி. ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இந்த அவுட்டை 41ஆம் விதியிலிருந்து எடுத்து, சாதாரண ரன் அவுட்டுக்கான 38ஆம் விதியில் சேர்க்கப்போவதாகச் சொன்னது. அமலுக்கு வந்தது அதே வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி. சங்கர் நகர் ஆட்டம் சரியாக இந்த இடைவெளியில் விழுந்தது. இனி இது அவமானமில்லை என்று அறிவித்தாகிவிட்டது, ஆனால் புத்தகத்தில் இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அபராஜித் செய்ததைப் பழைய விதியும் அனுமதித்தது, புதிய விதியும் அனுமதிக்கிறது. என்றாலும் ஜூன் மாதத்து மனநிலை பழைய அத்தியாயத்து மனநிலை.

சரி, நான்-ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் முன்னால் நகர்ந்தால் அப்படி என்ன குடி முழுகிப் போகிறது? கணக்குப் பார்த்தால் தெரியும். பிட்ச்சின் நீளம், ஸ்டம்புக்கு ஸ்டம்பு, 20.12 மீட்டர். ஓட வேண்டியது அத்தனையும் இல்லை. இரண்டு பக்கமும் ஸ்டம்புக்கு 1.22 மீட்டர் முன்னால் பாப்பிங் கிரீஸ் என்கிற கோடு போட்டிருக்கிறது. ஆக, கோட்டுக்குக் கோடு 17.68 மீட்டர். ஒரு மீட்டர் முன்னால் போய் நின்றால் பதினேழில் ஒரு பங்கு தூரம் சும்மா கிடைத்துவிடுகிறது. ரன் அவுட்கள் எப்படித் தீர்மானமாகின்றன என்று ரீப்ளேயில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மட்டையின் நுனி கோட்டைத் தாண்டியதா, பெயிலில் வெளிச்சம் வந்ததா, எந்த ஃபிரேமில் வந்தது என்று தேடுகிறார்கள். விரல்கடை அகலத்துக்காக இத்தனை பாடுபடும் ஆட்டத்தில், ஒரு மீட்டரைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு என்கிறார்கள். கடைசி ஓவரில் அடிக்கிற பேட்ஸ்மேனை அடிக்கும் முனைக்கே கொண்டுவந்துவிட ஒரு திருட்டு சிங்கிள் போதும். அந்த சிங்கிளின் பாதி அந்த ஒரு மீட்டரில் இருக்கிறது.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் அடுத்தது. பவுலரின் முன்னங்கால் எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதோ, நான்-ஸ்ட்ரைக்கரின் மட்டை எந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டுமோ, இரண்டும் ஒரே கோடு. பவுலர் முனையில் இருக்கும் அதே பாப்பிங் கிரீஸ். பவுலரின் ஷூ அதை ஒரு சென்டிமீட்டர் முழுசாகத் தாண்டினால் நோ பால், ஒரு ரன், பவுலர் எடுத்த விக்கெட் செல்லாது. குறைந்த ஓவர் ஆட்டமென்றால் அடுத்த பந்து ஃப்ரீ ஹிட், கேட்ச் கொடுத்தாலும் அவுட் இல்லை. 2015 முதல் சர்வதேச ஒருநாள், டி20 ஆட்டங்களில் எந்த வகை நோ பாலுக்கும் ஃப்ரீ ஹிட் என்று ஆக்கிவிட்டார்கள். 2020க்குப் பிறகு சர்வதேச ஆட்டங்களிலும் ஐ.பி.எல்.லிலும் முன்னங்காலைப் பார்ப்பது டிவி அம்பயரின் வேலை. கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் கேமரா வைத்து ஒவ்வொரு பந்துக்கும் பார்க்கிறார்கள். அந்தப் படத்திலேயே, ஷூவுக்கு அந்தப் பக்கத்தில், நான்-ஸ்ட்ரைக்கரின் காலும் மட்டையும் தெரிகின்றன. அதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. ஒரே கோடு, ஒரே கேமரா. ஒருவர் தாண்டினால் சைரன், இன்னொருவர் தாண்டினால் சாமர்த்தியம்.

'எப்போது வரை உள்ளே இருக்க வேண்டும்' என்பதும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி, பவுலர் பந்தைப் போடும் கடைசி எட்டை எடுத்து வைப்பதற்கு முன்னால்தான் ரன் அவுட் செய்யலாம். அதற்கப்புறம் நான்-ஸ்ட்ரைக்கர் எவ்வளவு தூரம் ஓடினாலும் ஒன்றும் செய்ய முடியாது. இன்றைக்கு ஆடுகிறவர்களுக்குப் பாடம் சொன்ன கோச்சுகள் ஆடிப் பழகியது அந்த விதியில். பவுலரின் பின்னங்கால் விழுந்ததும் நட என்று அவர்கள் சொல்லிக்கொடுத்தது அன்றைக்கு முழுக்கச் சரி. 2011இல் சர்வதேச ஆட்டங்களை நடத்தும் ஐ.சி.சி. தன் ஆட்டங்களுக்கு இதை மாற்றியது, 2017இல் எம்.சி.சி.யும் மாற்றியது: பவுலர் வழக்கமாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கும் கணம் வரை உள்ளேயே இருக்க வேண்டும். புத்தகம் மாறியதே தவிர, கால் பழகிய பழக்கம் மாறவில்லை.

'வழக்கமாக எதிர்பார்க்கும் கணம்' என்ற வாசகத்தை எழுதியவருக்கு என்ன தோன்றியதோ, அதுவே அடுத்த தகராறுக்கு விதையாகிவிட்டது. 2019 மார்ச் 25, ஜெய்ப்பூர், ஐ.பி.எல். ஆட்டம். பஞ்சாப் அணிக்கு அஸ்வின் கேப்டன். 185 ரன்னைத் துரத்திய ராஜஸ்தான் ஒரு விக்கெட்டுக்கு 108 என்று சௌகரியமாக இருந்தது, ஜாஸ் பட்லர் 69. அஸ்வின் ஓடிவந்து கிரீஸில் நின்றார், பட்லர் வெளியே நகர்ந்தார், பெயில் விழுந்தது. ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. முதலில் எம்.சி.சி. தரப்பில் இது விதிக்கு உட்பட்டதுதான் என்றார்கள். படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகு, அஸ்வின் கிரீஸுக்கு வந்ததற்கும் பந்து வரும் என்று எதிர்பார்ப்பதற்கும் நடுவே இடைவெளி நீளம், ஆகவே ஆட்டத்தின் மாண்புக்குச் சரியில்லை என்றார்கள். விதியை எழுதினவர்களுக்கே இரண்டு கருத்து. நான் அஸ்வின் பக்கம்தான். ஆனாலும் அந்த ஒரு சம்பவத்தில் பட்லர், அஸ்வின் வருகிற கோணத்தைப் பார்த்துப் பந்து போய்விடும் என்று நினைத்து நகர்ந்தார் என்ற வாதத்தை முழுசாகத் தள்ள முடியவில்லை. அது பவுலரின் தப்பில்லை, அந்த வாசகத்தின் தப்பு.

2023 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பிக் பாஷ் ஆட்டத்தில் ஆடம் ஜாம்பா இதையே செய்தார், நாட் அவுட். காரணம், கை உச்சியைத் தாண்டிச் சுழன்ற பிறகு திரும்பி வந்து பெயிலைத் தட்டினார். அந்த மாதமே எம்.சி.சி. வாசகத்தைத் திருத்தி, பவுலரின் கை வழக்கமாக உச்சிக்கு வரும் கட்டம் கடந்துவிட்டால் அதற்கப்புறம் அவுட் ஆக்க முடியாது என்று தெளிவாக்கியது. நல்ல திருத்தம். பாதி சண்டை இதில் தீர்ந்தது.

மிச்சப் பாதி, 'சொல்லிட்டுச் செய்யலாம்லா' என்ற பாதி. எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. அது ஒரு மரியாதை வழக்கம். வினூ மன்கட் 1947இல் ஆஸ்திரேலியாவில் பில் பிரவுனை முதல் தடவை ஒரு சுற்றுப்பயண ஆட்டத்தில் எச்சரித்துவிட்டே ரன் அவுட் ஆக்கினார். பிரவுன் திருந்தவில்லை. டிசம்பரில் சிட்னி டெஸ்டில் மறுபடியும் வெளியே போனார், மன்கட் மறுபடியும் தட்டினார். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் மன்கடை வறுத்தெடுத்தபோது அவருக்குப் பரிந்து பேசியவர் எதிரணிக் கேப்டன் டான் பிராட்மேன். பிராட்மேனே சரி என்று சொன்ன பிறகும், அந்த அவுட்டுக்கு எழுபத்தைந்து வருஷம் இந்தியர் ஒருவரின் பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, கோட்டைத் தாண்டியவர் பெயர் ஒட்டவில்லை.

1992இல் தென்னாப்பிரிக்காவில் கபில் தேவ் பீட்டர் கிர்ஸ்டனை எச்சரித்துவிட்டே செய்தார். அப்போதும் கோபம் குறையவில்லை. அதே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் கெப்ளர் வெசல்ஸின் மட்டை கபிலின் காலில் பட்டது. தவறிப் பட்டதா, வேண்டுமென்றே பட்டதா என்று வெகுநாள் பேச்சு. 2022 செப்டம்பர் 24இல் லார்ட்ஸில் தீப்தி சர்மா இங்கிலாந்தின் சார்லி டீனைக் கடைசி விக்கெட்டாக இப்படி ஆக்கியபோது, முன்பே எச்சரித்தோம் என்றார் தீப்தி. எச்சரிக்கவே இல்லை என்றார் இங்கிலாந்தின் ஹெதர் நைட். ஸ்கோர் புத்தகத்தில் எச்சரிக்கைக்குக் கட்டம் இல்லை, அம்பயரிடமும் பதிவு இல்லை, யார் சொல்வதை நம்புவது? டீன் அன்று எத்தனை தடவை முன்கூட்டியே கிளம்பினார் என்று ஒரு கிரிக்கெட் எழுத்தாளர் வீடியோவை ஓட்டி ஓட்டி எண்ணி, எழுபதுக்கும் மேல் என்று காட்டினார். எச்சரிக்கை வேண்டும் என்பவர்கள் இந்த எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதே இல்லை.

எச்சரிக்கையோடு விட்டவருக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்கலாம். 1987 உலகக் கோப்பை, லாகூர். கடைசிப் பந்துக்கு ஓடிவந்த கோர்ட்னி வால்ஷ், தன் முனையில் பாகிஸ்தானின் கடைசி பேட்ஸ்மேன் சலீம் ஜாஃபர் வெளியே நிற்பதைப் பார்த்து, ரன் அவுட் செய்யாமல் நின்றார். ஜாஃபர் அவுட்டாகியிருந்தால் ஆட்டம் வெஸ்ட் இண்டீஸுக்கு. பாகிஸ்தான் ஒரு விக்கெட்டில் ஜெயித்தது. வெஸ்ட் இண்டீஸ் அரையிறுதிக்குப் போகவில்லை. வால்ஷைப் பாராட்டாத வாயில்லை. வெளியே நின்ற ஜாஃபரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

எங்கள் சீமையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கூச்சம் புரியாமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே பலருக்கும் முதலில் காலில் ஒட்டிய ஆட்டம் கபடி. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி அர்ஜுனா விருது வாங்கிய மணத்தி கணேசன் பக்கத்து ஊர்க்காரர். அவர் கதையைத் தழுவிய 'பைசன்' படம் வந்த பிறகுதான் வெளியூருக்கு அவரைத் தெரியும், தாமிரபரணிக் கரைக்கு முப்பது வருஷமாகத் தெரியும். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ஊர் ஊருக்கு மின்னொளிக் கபடிப் போட்டி நடக்கும். அந்த ஆட்டத்தில் எல்லாமே கோடு. ரைடு போகிறவன் யாரையும் தொடாமல், எதிரணிப் பக்கத்தில் போட்டிருக்கும் பாக் லைன் என்ற கோட்டையும் தாண்டாமல் திரும்பினால் அவுட். பிடிக்க நிற்பவனின் கால் கடைசிக் கோட்டை மிதித்தால் அவன் அவுட், யாரும் தொட வேண்டியதுகூட இல்லை. போனஸ் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கால் ஊன்றி மறு கால் அந்தரத்தில் இருந்ததா என்று அம்பயர் குனிந்து பார்ப்பார். 'கபடி கபடி' என்ற பாட்டு சரியாக விடவில்லை என்றால் அம்பயர் எச்சரித்துத் திருப்பி அனுப்புவது உண்டு. கோட்டுக்கு எச்சரிக்கை கிடையாது. "மாப்ள, நீ கோட்ட மிதிக்கப் போற" என்று எதிராளி சொல்லிவிட்டுப் பிடிக்க வேண்டும் என்று எந்த ஊரிலும் யாரும் எதிர்பார்த்ததில்லை. மிதித்தவன் தலையைத் தொங்கப்போட்டு வெளியே போய் உட்காருவான். வெட்கம் மிதித்தவனுக்கு.

அதற்காகக் கபடி சொக்கத்தங்கம் என்று சொல்ல வரவில்லை. கோடு மட்டும் போதாது, அது யாருடைய கோடு என்பதும் தெரிய வேண்டும் என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோவில் பார்த்தோம். ஆசிய விளையாட்டு ஆண்கள் இறுதி, இந்தியா 28, ஈரான் 28, முடிய ஏறக்குறைய ஒரு நிமிஷம். பவன் செராவத் டூ ஆர் டை ரைடு போகிறார், அதாவது புள்ளி எடுக்காமல் திரும்பினால் அவுட். புரோ கபடி லீகின் தமிழ் தலைவாஸ் அணி ரசிகர்களுக்கு அவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், 2022இல் 2.26 கோடிக்கு எடுத்து முதல் ஆட்டத்திலேயே முட்டி போய் சீசன் முழுக்க உட்கார்ந்தவர். பவன் யாரையும் தொடாமல் பக்கவாட்டில் இருக்கும் லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைப் பிடிக்கப் பாய்ந்த ஈரான் ஆட்களும் பின்னாலேயே லாபிக்குள் போனார்கள்.

கோர்ட்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு மீட்டர் அகலத்தில் இருக்கும் துண்டுதான் லாபி. ரைடருக்கும் பிடிப்பவருக்கும் தொடுகை நடந்த பிறகுதான் அது ஆட்டத்துக்குள் சேரும். தொடுகை இல்லாமல் உள்ளே போனால் அவுட். பழைய விதிப்படி போனவர் அத்தனை பேரும் அவுட். புரோ கபடி கொண்டுவந்த புதிய விதிப்படி முதலில் போன ரைடர் மட்டும் அவுட், அந்த நொடியில் ரைடு முடிந்துவிட்டதால் அதற்கப்புறம் போனவர்கள் கணக்கில் இல்லை. அன்று மேட்டில் எந்த விதி? தீர்ப்பு மாறியது, திரும்ப மாறியது, இரண்டு அணியும் உட்கார்ந்து மறியல் செய்தன. ஆட்டம் ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் நின்றுபோனது. கடைசியில் பழைய விதிப்படி இந்தியாவுக்கு 3, ஈரானுக்கு 1. முடிவு 33-29, தங்கம் நமக்கு.

நமக்குத் தங்கம் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் விதி என்று பார்த்தால் புரோ கபடி விதிதான் நியாயம். ரைடரின் கால் லாபியில் பட்டதும் அவன் அவுட். செத்துப்போன ரைடுக்குள் பின்னால் வந்தவனை எப்படி அவுட் ஆக்குவது? பழைய விதியில் ஒரு கெட்டிக்கார ரைடர் தானும் விழுந்து மூன்று பேரை இழுத்துக்கொண்டு போகலாம். இன்றைக்கும் எங்கள் ஊர்ப் போட்டிகளில் இந்தத் தகராறு வருகிறது. டிவி பார்த்து வளர்ந்த பையன்கள் "ரைடர் மட்டும்தாம்ல அவுட்டு" என்பார்கள், மண்ணில் ஆடி வளர்ந்த அண்ணாச்சிமார் "போனவன் பூராவும் அவுட்டு" என்பார்கள். போட்டி நோட்டீஸில் நுழைவுக் கட்டணம், முதல் பரிசு, சுழற்கோப்பை உபயம், ஆள் எடை எல்லாம் இருக்கும், அடியில் 'நடுவர் தீர்ப்பே இறுதியானது' என்றும் இருக்கும். எந்த விதிப்படி என்ற ஒரு வரி மட்டும் இருக்காது.

கிரிக்கெட்டுக்கு வருவோம். நான்-ஸ்ட்ரைக்கர் விஷயத்தைத் தீர்க்கப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, சட்டப் புத்தகத்தின் 18ஆம் விதியே போதும் என்பது என் கட்சி. ஷார்ட் ரன் என்று ஒன்று இருக்கிறது. ஓடிப்போய் மறுமுனையில் மட்டை கோட்டைத் தாண்டி உள்ளே படாமல் திரும்பினால் அந்த ரன் கணக்கில் வராது. வேண்டுமென்றே அப்படிச் செய்தால் எடுத்த ரன் அத்தனையும் ரத்து, பேட்ஸ்மேன்கள் பழைய முனைக்கே திரும்ப வேண்டும், எதிரணிக்கு 5 ரன் தண்டமாகப் போகும். ஓட்டத்தின் முடிவில் ஒரு சாண் குறைந்தால் ரன்னைப் பிடுங்குகிற விதி, ஆரம்பத்தில் ஒரு மீட்டர் குறைந்தால் ஏன் சும்மா இருக்கிறது? முன்கூட்டியே கிளம்பி எடுத்த ரன்னும் குறை ரன்தான், குறை எந்தப் பக்கம் இருந்தால் என்ன?

ஆகவே டிவி அம்பயர் முன்னங்காலைப் பார்க்கும் அதே படத்தில் மட்டையையும் பார்க்கட்டும். பவுலரின் கை உச்சிக்கு வந்த கணத்தில் மட்டை வெளியே இருந்தால், அந்தப் பந்தில் ஓடி எடுத்த ரன் செல்லாது, இருவரும் பழைய முனைக்குத் திரும்ப வேண்டும். பவுண்டரி போனால் விட்டுவிடலாம், அதில் முன்னால் நின்றதால் கிடைத்த லாபம் எதுவும் இல்லை. பழைய முனைக்குத் திருப்புவதுதான் இதில் முக்கியம். கடைசி ஓவரில் ரன்னைவிட முனைதான் பெரிது, அது கிடைக்காது என்று தெரிந்தால் எவனும் கிளம்ப மாட்டான். மறுபடி மறுபடி செய்தால் அந்த 5 ரன் தண்டம். பவுலருக்கு இருக்கும் ரன் அவுட் உரிமை அப்படியே இருக்கட்டும். அஸ்வின் 2020இல் நோ பாலுக்கு ஃப்ரீ ஹிட் போல இதற்கு ஒரு 'ஃப்ரீ பால்' கொடுக்கலாம் என்று சொன்னார். நல்ல குசும்பு, பவுலர்களுக்கு இனிக்கும். ஆனால் அதற்குப் புதுச் சட்டம் எழுத வேண்டும், ரத்து செய்ய இருக்கிற சட்டமே போதும்.

கேமரா ஏன் வேண்டும் என்பதற்கும் ஷார்ட் ரன்னிலேயே சாட்சி இருக்கிறது. 2020 செப்டம்பரில் துபாயில் பஞ்சாப், டெல்லி ஐ.பி.எல். ஆட்டம். 19ஆவது ஓவரில் கிறிஸ் ஜோர்டான் மட்டை உள்ளே படவில்லை என்று கள அம்பயர் ஒரு ரன்னைக் கழித்தார். ரீப்ளேயில் மட்டை நன்றாக உள்ளே பட்டது தெரிந்தது. ஆட்டம் டை ஆனது, சூப்பர் ஓவரில் பஞ்சாப் தோற்றது. ஒரு ரன்னில் ஆட்டமே போனதை உலகமே டிவியில் பார்த்தது, அதே டிவியைப் பார்க்கும் மூன்றாவது அம்பயரிடம் யாரும் கேட்கவில்லை. டிவி அம்பயரிடம் அதிகமாகக் கேட்பது நம் அஸ்வினுக்குப் புதிதில்லை. 2023 டி.என்.பி.எல்.லில், பேட்ஸ்மேன் கேட்ட ரிவ்யூவில் நாட் அவுட் என்று வந்ததும், அந்த ரிவ்யூவின் மேலேயே இன்னொரு ரிவ்யூ கேட்டார். பதில் மாறவில்லை. ஆனால் கேட்டதில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

ரன்னை ரத்து செய்வது நான் யோசித்த யோசனையும் இல்லை. எங்கள் பக்கம் டென்னிஸ் பால் ஆட்டங்களில் வெகுகாலமாக இருப்பதுதான். குளத்துக்குள் தண்ணீர் வற்றியதும் கரம்பையில் பிட்ச் போடுவார்கள். அடிக்கிற பக்கம் மூன்று கம்பு, பவுலர் பக்கம் ஒற்றைக் கம்பு, சில சமயம் அதுவும் இல்லாமல் ஒரு செங்கல். செங்கலில் பெயில் ஏது? தட்டி அவுட் ஆக்க வழியில்லாததால் ரன்னர் பாதி பிட்ச்சில் போய் நிற்பான். அதற்குத்தான் "ரன்னர் மொதல்லயே ஓடுனா ரன் கெடையாது, ஆளு திரும்பி வரணும்" என்று டாஸ் போடும்போதே இரண்டு கேப்டன்களும் பேசி வைப்பது. மாண்பு, மரியாதை என்று ஒரு பேச்சும் இல்லை. ரன் போச்சு, திரும்பி வா, அடுத்த பந்து.

அதில் ஒரே சிக்கல், அம்பயராக நிற்பது பேட்டிங் டீம் ஆளு. சொந்த ரன்னர் நாலடி வெளியே நின்றாலும் அவர் கண்ணுக்கு உள்ளேதான் நிற்பான். இதற்காகப் பெரிய போட்டிகளில் மூன்றாவது டீமிலிருந்து ஆள் நிறுத்துகிறார்கள். அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும்: ஜெயிக்கிற டீமோடு அடுத்த ஆட்டம் ஆட வேண்டியது அவர் டீம்தான். எந்த டீம் வந்தால் நமக்கு லேசு என்று யோசித்துக்கொண்டேதான் அவர் கோட்டைப் பார்ப்பார்.